எண்ணோடு இடத்தையும் எழுதுங்கள்: சிமுலேஷன் கிரிட் தரவைக் கோப்பில் சேமிக்கும் முறை

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கும் பரம் பிரவேகா போன்ற ஒரு பெரிய கணினியில் உங்கள் சிமுலேஷன் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் முன்னால் உட்கார்ந்து திரையைப் பார்க்க முடியாது. வேலையை வரிசையில் போட்டுவிட்டு வருகிறீர்கள். உங்கள் முறை நள்ளிரவில் வரலாம், விடியற்காலையில் வரலாம். வரும்போது நிரல் தானாக ஓடி முடியும். முடிந்த நொடியில் நினைவகத்திலிருந்த எண்கள் அத்தனையும் அழிந்துபோகும். மறுநாள் விடுதி அறையிலோ மத்திகெரேயில் எடுத்த வாடகை வீட்டிலோ மடிக்கணினியைத் திறக்கும்போது உங்களிடம் மிஞ்சுவது கோப்பு மட்டுமே. அதில் எழுதாதது வேறெங்கும் இல்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து எம்.டெக், முனைவர் பட்டம் என்று இந்த ஊருக்கு வரும் மாணவர்கள் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் திறமையாகத் தீர்க்கிறார்கள். எண்ணியல் முறைகளைக் கேட்டால் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறார்கள். ஆனால் விடையைக் கோப்பில் எழுதும் இடத்துக்கு வந்ததும் ஒரு சுழற்சியைப் போட்டு எண்களை வரிசையாகக் கொட்டிவிடுகிறார்கள். பிறகு எண்களைப் படமாக வரைந்து காட்டும் பாராவியூ மென்பொருளில் அதைத் திறந்து, "அக்கா, படம் ஏன் இப்படிக் கோடு கோடாகச் சாய்ந்து தெரிகிறது?" என்று கேட்கிறார்கள். இந்தப் பகுதியைப் பாடத்திட்டத்தில் யாரும் சொல்லித்தருவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். சமன்பாட்டைச் சரியாகத் தீர்ப்பது எவ்வளவு முக்கியமோ, விடையைச் சரியாக எழுதிவைப்பதும் அவ்வளவு முக்கியம்.

எண்கள் மட்டும் இருக்கும் கோப்பு தரவு ஆகாது. ஒவ்வொரு எண்ணும் எந்த இடத்துக்கு உரியது, எந்த வரிசையில் எழுதப்பட்டது, எத்தனை பைட் கொண்டது, எந்த அலகில் இருக்கிறது என்பதையும் கோப்பே சொல்ல வேண்டும். உங்கள் நிரலைப் பார்த்தே இராத ஒருவர் அந்தக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு சரியான படத்தை வரைய முடிந்தால்தான் சேமிக்கும் வேலை முடிந்தது.

ஓர் எடுத்துக்காட்டு கிரிட்

பெங்களூரு நகரத்தின் மேல் வீசும் காற்றைக் கணக்கிடுகிறோம் என்று கொள்வோம். கிழக்கு மேற்காக 40 கிலோமீட்டர், தெற்கு வடக்காக 40 கிலோமீட்டர், தரையிலிருந்து மேலே 2 கிலோமீட்டர். கிடைத்தளத்தில் 100 மீட்டர் இடைவெளியும் உயரத்தில் 40 மீட்டர் இடைவெளியும் வைத்து இந்தப் பெட்டியைத் துண்டாக்கினால் 400 × 400 × 50, அதாவது 80 இலட்சம் கட்டங்கள் கிடைக்கும். இப்படி இடத்தைக் கட்டங்களாகப் பிரித்த அமைப்பைத்தான் கிரிட் என்கிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் வேகத்துக்கு மூன்று கூறுகள், வெப்பநிலை, ஈரப்பதம் என ஐந்து எண்கள். இந்த எடுத்துக்காட்டு கட்டுரை முழுவதும் நம்மோடு வரும்.

80 இலட்சம் கட்டங்களின் இடத்தையும் தனித்தனியாக எழுத வேண்டுமா? வேண்டாம். இடைவெளி சீராக இருக்கும்போது ஒன்பது எண்கள் போதும்: ஒவ்வொரு திசையிலும் எத்தனை புள்ளிகள், தொடக்கப் புள்ளி எங்கே, இடைவெளி எவ்வளவு. மூன்று திசைக்கும் மூன்று மூன்றாக ஒன்பது. மற்றதை மென்பொருள் தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

தெருக்கள் கட்டம் கட்டமாக அமைந்த ஜெயநகரில் வீடு தேடுவது இப்படித்தான். அங்கே ஒரு திசையில் போகும் தெருக்கள் மெயின், அவற்றைக் குறுக்கே வெட்டுபவை கிராஸ். எத்தனையாவது மெயின், எத்தனையாவது கிராஸ் என்று தெரிந்தால் மீதி வழி தானாகப் புரிந்துவிடும். அடுத்த கிராஸ் எது, பின்னால் இருக்கும் மெயின் எது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சிக்பேட்டைச் சந்துகளில் அது நடக்காது. எந்தச் சந்து எதில் போய்ச் சேர்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிவைத்தால்தான் வழி தெரியும். முதல் வகை ஒழுங்கான கிரிட். இரண்டாவது வகை ஒழுங்கற்ற கிரிட். ஒழுங்கற்ற கிரிட்டில் எல்லாப் புள்ளிகளின் இடத்தையும் எழுத வேண்டும். எந்தெந்தப் புள்ளிகள் சேர்ந்து ஒரு கட்டம் ஆகின்றன என்ற பட்டியலையும் எழுத வேண்டும். கட்டம் எந்த வடிவம் என்பதையும் சொல்ல வேண்டும். பாராவியூ படிக்கும் விடிகே என்ற கோப்பு வடிவில் நான்முகிக்கு 10, அறுமுகிக்கு 12 என்று எண்களே ஒதுக்கியிருக்கிறார்கள்.

இவை இரண்டுக்கும் நடுவில் இன்னும் இரண்டு வகைகள் உண்டு. தரைக்கு அருகில் காற்று வேகமாக மாறுவதால் அங்கே 5 மீட்டர் இடைவெளியும் மேலே போகப் போகப் பெரிய இடைவெளியும் வைக்கலாம். அப்போது ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு பட்டியல் எழுதினால் போதும். நந்தி மலைபோல நிலம் ஏறி இறங்கும் பகுதியில் கிரிட் நிலத்தோடு சேர்ந்து வளைய வேண்டும் என்றால் ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் எழுதியாக வேண்டும். ஆனால் யார் யாருக்குப் பக்கத்தில் என்பதை எழுத வேண்டாம், அது எண் வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. உங்கள் கணக்குக்குப் போதுமான மிக எளிய வகையைத் தேர்ந்தெடுங்கள். சீரான கிரிட்டை ஒழுங்கற்ற கிரிட்டாக எழுதினாலும் படம் வரும், ஆனால் கோப்பு பல மடங்கு வீங்கும்.

வரிசை என்னும் பெரிய சிக்கல்

படம் கோடு கோடாகச் சாய்ந்து தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். எனவே கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

கிரிட்டுக்கு மூன்று திசைகள் உண்டு. கோப்புக்கு ஒரே திசைதான். முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை அது ஒரு நீண்ட வரிசை. முப்பரிமாணத்தில் இருப்பதை அந்த ஒற்றை வரிசையில் எப்படி அடுக்குவது என்பதை எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மிகச் சிறிய கிரிட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு மேற்காக மூன்று புள்ளிகள், தெற்கு வடக்காக இரண்டு. தெற்கு வரிசையில் 1, 2, 3 என்றும் வடக்கு வரிசையில் 4, 5, 6 என்றும் மதிப்புகள் இருக்கின்றன. கிழக்கு நோக்கி முதலில் நடந்து எழுதினால் கோப்பில் 1 2 3 4 5 6 என்று இருக்கும். வடக்கு நோக்கி முதலில் நடந்தால் 1 4 2 5 3 6. இந்த இரண்டாவது கோப்பை முதல் முறைப்படி படிக்கும் மென்பொருள் தெற்கு வரிசையில் 1, 4, 2 என்றும் வடக்கு வரிசையில் 5, 3, 6 என்றும் வைத்துவிடும். எண்கள் எல்லாம் சரி, எதுவும் தொலையவில்லை. ஆனால் படம் குழம்பிவிட்டது.

கிழக்கு மேற்கை எக்ஸ் அச்சு, தெற்கு வடக்கை ஒய், உயரத்தை இசட் என்று வைத்துக்கொள்வோம். விடிகே வடிவம் எக்ஸ் அச்சு முதலில் வேகமாக மாற வேண்டும், பிறகு ஒய், கடைசியாக இசட் என்று எதிர்பார்க்கிறது. ஃபோர்ட்ரான் மொழியில் அணியின், அதாவது எண்களை அடுக்கிவைக்கும் அட்டவணையின், முதல் சுட்டெண் வேகமாக மாறும். ஆகவே ஐ, ஜே, கே என்று அறிவித்த ஃபோர்ட்ரான் அணி அப்படியே பொருந்திவிடும். சி மொழியிலும் பைத்தானின் நம்பை நூலகத்திலும் கடைசிச் சுட்டெண்தான் வேகமாக மாறும். அங்கே அதே ஐ, ஜே, கே வரிசையில் அணியை அமைத்தால் இசட் அச்சு முந்திக்கொள்ளும். நம்பையில் அணியைத் தட்டையாக்கும்போது ஃபோர்ட்ரான் வரிசை வேண்டும் என்று குறிப்பிட்டால் போதும். சி மொழியில் எழுதும் சுழற்சியில் இசட் வெளியிலும் எக்ஸ் உள்ளேயும் இருக்கும்படி வைக்க வேண்டும்.

சாய்ந்த கோடுகள் தெரிந்தால் நல்லதுதான், தவறு கண்ணில் பட்டுவிட்டது. கிரிட் கனசதுரமாக, மூன்று திசையிலும் 128 புள்ளிகளாக இருந்தால் வரிசை மாறினாலும் கோடுகள் வராது. எக்ஸும் இசட்டும் இடம் மாறிய ஓர் அழகான படம் வரும். உயரத்தோடு மாற வேண்டிய வெப்பநிலை கிழக்கு மேற்காக மாறுவதாகத் தெரியும். அதை உண்மை என்று நம்பி ஆய்வுக்கட்டுரையில் விளக்கம் எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் கோப்பு எழுதும் பகுதியைச் சோதிக்கும்போது 7 × 5 × 3 போல மூன்றும் வெவ்வேறாக இருக்கும் கிரிட்டையே பயன்படுத்துங்கள். வெப்பநிலைக்குப் பதிலாக ஒவ்வொரு புள்ளியிலும் அதன் எக்ஸ் ஆயத்தொலையையே மதிப்பாக எழுதிப் பாருங்கள். படத்தில் நிறம் எக்ஸ் திசையில் மட்டுமே மாற வேண்டும். அதேபோல ஒய், இசட். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் பெரிய கணக்கை ஓட விடாதீர்கள் என்று என்னிடம் கேட்கும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

புள்ளியா, கட்டமா?

ஒரு கோட்டை நான்கு துண்டாக்க ஐந்து புள்ளிகள் வேண்டும். அதேபோல 400 × 400 × 50 கட்டங்களின் மூலைகளில் 401 × 401 × 51 புள்ளிகள் இருக்கும், அதாவது 82,00,851. உங்கள் வெப்பநிலை கட்டத்தின் சராசரியா, மூலைப் புள்ளியின் மதிப்பா? வரம்புக் கனஅளவு (ஃபைனைட் வால்யூம்) முறையில் கணக்கிட்டிருந்தால் அது கட்டத்துக்கு உரியது. வரம்பு வேறுபாட்டு (ஃபைனைட் டிஃபரன்ஸ்) முறையில் பெரும்பாலும் புள்ளிக்கு உரியது. விடிகே கோப்பில் இந்த இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. கீழே வரும் பழைய விடிகே வடிவில், கோப்பின் தொடக்கத்தில் எழுதும் கிரிட் அளவு எப்போதும் புள்ளிகளின் எண்ணிக்கை என்பதை நினைவில் வையுங்கள். கட்டத் தரவை எழுதுகிறவர்களும் அங்கே 401, 401, 51 என்றுதான் குறிக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு சிக்கல்: பல நிரல்கள் எல்லை நிபந்தனைக்காகக் கிரிட்டைச் சுற்றி ஓர் அடுக்கு கூடுதல் கட்டங்களை வைத்துக்கொள்ளும். நினைவகத்தில் அணி 402 × 402 × 52 ஆக இருக்கும். அந்த ஓரத்தை நீக்கிவிட்டு எழுத வேண்டும். காற்றின் மூன்று கூறுகளைக் கட்டத்தின் வெவ்வேறு முகங்களில் வைத்துக் கணக்கிடும் முறையும் உண்டு. அப்போது மூன்றையும் கட்டத்தின் நடுவுக்குச் சராசரி செய்து கொண்டுவந்த பிறகு, கட்டத்துக்கு மூன்று எண்களாக அடுத்தடுத்து எழுதினால்தான் மென்பொருள் அதை ஒரு திசையன் என்று எடுத்துக்கொண்டு அம்புக்குறி வரையும்.

எழுத்தாகவா, இருமமாகவா?

ஓர் எண்ணை நாம் படிக்கும் இலக்கங்களாக எழுதலாம், அல்லது நினைவகத்தில் இருக்கும் பைட்டுகளாகவே, அதாவது இருமமாக, எழுதலாம். தொடங்குகிறவர்கள் எழுத்துவடிவக் கோப்பில் தொடங்குவதே நல்லது. பழைய விடிகே வடிவம் இதற்கு மிகப் பொருத்தம். 1990-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த மூவர் உருவாக்கிய காட்சிப்படுத்தல் நூலகம் விடிகே. அதன் பழைய கோப்பு வடிவத்தைக் கையாலேயே எழுதிவிடலாம். முதல் வரியில் இது விடிகே கோப்பு என்ற அடையாளமும் பதிப்பு எண்ணும். இரண்டாவது வரியில் 256 எழுத்துக்குள் ஒரு தலைப்பு. மூன்றாவது வரியில் எழுத்துவடிவமா இருமமா என்பது. அடுத்து கிரிட்டின் வகை; அதன் கீழ் டைமென்ஷன்ஸ், ஆரிஜின், ஸ்பேசிங் என்ற மூன்று வரிகளில் நாம் முன்பு சொன்ன ஒன்பது எண்கள். பிறகு புள்ளித் தரவா கட்டத் தரவா, எத்தனை, அதன் பெயர் என்ன, என்ன வகை எண் என்ற விவரம். அதற்குக் கீழே எண்கள். அவ்வளவுதான். எந்த நூலகமும் நிறுவ வேண்டாம், தவறு இருந்தால் கோப்பைத் திறந்து கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் எழுத்துவடிவத்தில் எத்தனை இலக்கம் எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். நகரத்தின் காற்றில் நுண்துகள் அளவையும் சேமிப்பதாக வையுங்கள். ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்பதை கிலோகிராமில் சொன்னால் 0.00000005. சி மொழியின் பிரிண்ட்எஃப் வழக்கமான தசம அமைப்பில் ஆறு தசம இடம் மட்டுமே எழுதும். கோப்பில் 0.000000 என்று இருக்கும். ஊர் முழுவதும் தூசியே இல்லை என்று படம் சொல்லும். 5.0e-08 போல அடுக்கு வடிவில் எழுதினால் இது நேராது. எட்டு பைட் கொண்ட இரட்டைத் துல்லிய எண் ஒன்றை இழப்பில்லாமல் திரும்பப் பெற 17 பொருளுறு இலக்கங்கள் தேவை.

அப்படி எழுதினால் ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ 24 எழுத்துகள், அதாவது 24 பைட்டுகள் ஆகும். அதே எண் இருமத்தில் 8 பைட். நம் எடுத்துக்காட்டில் ஒரு மாறிக்கு 64 மெகாபைட், ஐந்துக்கு 320. எழுத்துவடிவில் அது ஒரு கிகாபைட்டுக்கு அருகில் போகும். பாராவியூ ஒவ்வொரு எண்ணையும் எழுத்திலிருந்து மாற்றிப் படிக்க வேண்டும் என்பதால் திறக்கவும் நேரம் பிடிக்கும். சில ஆயிரம் புள்ளிகளைத் தாண்டியதும் இருமத்துக்கு மாறிவிடுங்கள்.

இருமத்தில் பைட் வரிசை என்று ஒன்று உண்டு. 1.0 என்ற ஒற்றைத் துல்லிய எண் நான்கு பைட்டுகளில் இருக்கிறது. இன்டெல், ஏஎம்டி கணினிகள் சிறிய பைட்டை, அதாவது மதிப்பில் மிகக் குறைந்த இடத்துக்கு உரிய பைட்டை, முதலில் வைக்கும். பழைய விடிகே வடிவமோ பெரிய பைட் முதலில் வர வேண்டும் என்கிறது. 90-களில் இத்தகைய வேலைகள் நடந்த சன், சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகள் அப்படித்தான் வைத்தன. உங்கள் கணினியில் இருப்பதை அப்படியே எழுதினால் 1.0 என்பது 4.6 × 10⁻⁴¹ என்று படிக்கப்படும். தரவின் வரம்பு இப்படிப் பொருளற்ற மிகச் சிறிய அல்லது மிகப் பெரிய எண்களாகத் தெரிந்தால் முதலில் பைட் வரிசையைச் சந்தேகியுங்கள். எக்ஸ்எம்எல் தலைப்புடன் வரும் புதிய விடிகே வடிவங்களில் பைட் வரிசை எது என்று கோப்பிலேயே குறித்துவிடலாம். சீரான கிரிட்டுக்கு விடிஐ, ஒழுங்கற்றதற்கு விடியூ என்று கோப்பின் பின்னொட்டும் வகையைச் சொல்லும். பைத்தானில் வேலை செய்கிறவர்கள் பைவிஸ்டா நூலகத்தைக் கொண்டு இவற்றைச் சில வரிகளில் எழுதிவிடலாம்.

எவ்வளவு, எத்தனை முறை

ஒரு நாள் காற்றை நிமிடத்துக்கு ஒரு முறை சேமித்தால் 1,440 முறை. முறைக்கு 320 மெகாபைட் வீதம் 460 கிகாபைட். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் 46. ஒற்றைத் துல்லியத்தில் எழுதினால் 23. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகே வேலையை வரிசையில் போட வேண்டும். பொதுக் கணினியில் உங்களுக்குத் தந்த வட்டு இடம் நிறைந்தால் நிரல் பாதியில் நின்றுவிடும்.

படம் பார்க்க ஒற்றைத் துல்லியம் பெரும்பாலும் போதும். ஏழு இலக்கம் வரை அது சரியாக இருக்கும், கண்ணுக்கு அவ்வளவு வேறுபாடு தெரியாது. அழுத்தத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. கடல்மட்டத்திலிருந்து உயரத்தில் இருக்கும் பெங்களூரில் காற்றழுத்தம் ஏறத்தாழ 91,000 பாஸ்கல். அந்த அளவில் ஒற்றைத் துல்லிய எண்களுக்கு இடையே உள்ள இடைவெளி சுமார் 0.008 பாஸ்கல். அதைவிடச் சிறிய ஏற்ற இறக்கத்தை நீங்கள் தேடினால் அது கோப்பில் இருக்காது. சராசரியைக் கழித்துவிட்டு மீதியைத் தனி மாறியாக எழுதினால் அது தப்பிக்கும்.

நின்ற இடத்திலிருந்து கணக்கைத் தொடர்வதற்கான கோப்பு வேறு, படம் பார்ப்பதற்கான கோப்பு வேறு. முந்தையது முழுத் துல்லியத்தில், எல்லா மாறிகளோடும், எப்போதாவது ஒரு முறை எழுதப்பட வேண்டும். பிந்தையது சிறியதாக, அடிக்கடி எழுதப்படலாம். இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

நேர வரிசைக் கோப்புகளுக்கு 0001, 0002 என்று முன்னால் பூச்சியம் சேர்த்துப் பெயர் வையுங்கள். இல்லையென்றால் பல கருவிகளில் 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்கும். பாராவியூ எண்ணிட்ட கோப்புகளை ஒரே தொடராகக் காட்டும். ஆனால் ஒவ்வொன்றும் எந்த நொடிக்கு உரியது என்று அதற்குத் தெரியாது. பிவிடி என்ற சிறிய பட்டியல் கோப்பில் கோப்பின் பெயரையும் உரிய நேரத்தையும் எழுதிக் கொடுத்தால் சரியான நேரம் திரையில் வரும்.

நெட்சிடிஎஃப், எச்டிஎஃப்5

வானிலை, கடல் தொடர்பான வேலை என்றால் நெட்சிடிஎஃப் வடிவமே வழக்கம். அதில் ஒவ்வொரு மாறிக்கும் அலகு, விளக்கம், எந்தெந்த அச்சுகள் என்பதையெல்லாம் அதனுடனேயே எழுதலாம். நேரம் வளர்ந்துகொண்டே போகும் அச்சாக இருப்பதால் எல்லா நேரமும் ஒரே கோப்பில் அடங்கும். என் விருப்பமும் இதுதான். கோப்பைத் திறந்தவுடன் வெப்பநிலை கெல்வினிலா செல்சியஸிலா என்று தெரிந்துவிடுகிறது.

எச்டிஎஃப்5 இன்னும் பொதுவானது. 1998-ல் வெளிவந்தது, எந்த அணியையும் கோப்புறைகள்போல அடுக்கிச் சேமிக்கும், சுருக்கவும் செய்யும், பல செயலிகள் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் எழுதவும் வழி தரும். ஆனால் உங்கள் அணி ஒரு கிரிட் என்பது அதற்குத் தெரியாது. அந்த விவரத்தை எக்ஸ்டிஎம்எஃப் என்ற சிறு எழுத்துவடிவக் கோப்பில் எழுதி அருகில் வைக்க வேண்டும். கனமான எண்கள் ஒன்றில், அவற்றின் பொருள் இன்னொன்றில். இரண்டையும் எப்போதும் சேர்த்தே நகலெடுங்கள். நூற்றுக்கணக்கான செயலிகளில் ஓடும் நிரலுக்கு இது நல்ல தேர்வு. அந்தக் கட்டத்துக்கு வரும்வரை விடிஐ போதும்.

எந்த வடிவமானாலும் அலகு, கிரிட் இடைவெளி, நேரப் படி, நிரலின் பதிப்பு, ஓடிய தேதி ஆகியவற்றைக் கோப்புக்குள்ளேயே எழுதுங்கள். தனிக் குறிப்பேட்டில் வைத்தால் கோப்பு ஓர் இடம், குறிப்பு ஓர் இடம் என்று பிரிந்துவிடும். ஆய்வகத்தை விட்டு ஒரு மாணவர் சென்ற பிறகு அடுத்து வருகிறவருக்குக் கிடைப்பது கோப்பு மட்டுமாகத்தான் இருக்கும்.

பெரிய வேலையைக் கொடுப்பதற்கு முன் இரண்டே நேரப் படிகள் ஓடவிட்டு, வந்த கோப்பை மடிக்கணினிக்கு இறக்கிப் பாராவியூவில் திறந்து, தகவல் பலகத்தைப் பாருங்கள். புள்ளிகள் 82,00,851 இருக்கிறதா, கட்டங்கள் 80 இலட்சமா, எல்லைகள் எக்ஸிலும் ஒய்யிலும் 0 முதல் 40,000 வரையும் இசட்டில் 0 முதல் 2,000 வரையும் போகின்றனவா, வெப்பநிலையின் வரம்பு கெல்வினில் 290-க்கும் 310-க்கும் அருகே நிற்கிறதா, மேலே போகப் போகக் குறைகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு முழு நாளுக்கான வேலையை வரிசையில் போடுங்கள்.